லிஸ்ட்காரர்களும் சி.டி.காரர்களும்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்த்த ஆடியோ கடைக்கு வருகிறவர்களை ரெண்டே வகையாகத்தான் பிரித்து வைத்திருந்தோம். நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருகிறவர் லிஸ்ட்காரர். படத்தின் பெயரைச் சொல்லி முழுசாக வாங்கிப் போகிறவர் கேசட்காரர். பின்னாளில் அவரே சி.டி.காரர் ஆனார். 2003 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவில் ஒரு பாட்டு 99 சென்ட் என்று இணையத்தில் விற்க ஆரம்பித்தது. பிடித்த பாட்டுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், ஆல்பம் முழுக்க வாங்க வேண்டாம் என்று பத்திரிகைகள் அதைப் பெரிய அதிசயமாக எழுதின. எங்கள் முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார். "இதத்தாம்லே நாம வருசக்கணக்காட்டு செய்யுதோம்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. பாட்டு பாட்டாகப் பிரித்துக் கொடுத்தோம், அது சரி. ஆனால் பாட்டை விற்றோமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். லிஸ்ட்காரர் காலி கேசட்டுக்கு ஒரு விலை கொடுத்தார், பதிவுக்கூலி தனியாகக் கொடுத்தார். பாட்டுக்கு என்று அவர் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை, இசையமைப்பாளருக்கும் எழுதியவருக்கும் எங்கள் கல்லாவிலிருந்து எதுவும் போகவில்லை. ஒரிஜினல் கேசட்டின் அட்டையில் அனுமதியின்றிப் பதிவு செய்யக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் அன்றைக்கு ஊர் ஊராக ரிக்கார்டிங் சென்டர்கள் நடந்தன.

கூலி என்று சொன்னாலும் அது சும்மா வந்த காசு இல்லை. 60 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் 27 நிமிடம் போய்விடும், மிச்சம் மூன்று நிமிடம். அதில் ஏழாவது பாட்டைத் தொடங்கினால் சரணத்தில் நாடா தீர்ந்து பாட்டு அறுந்து நிற்கும். பாட்டு அறுந்த கேசட்டை யாரும் மன்னிக்க மாட்டார்கள், மறுநாளே திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம், எத்தனை நொடி என்று நீளநோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தோம். மூன்று நிமிட இடைவெளியை நிரப்பவென்றே கருவி இசைத் துண்டுகளும் பழைய குட்டிப் பாட்டுகளும் ஒரு பெட்டியில் தனியாக இருக்கும். லிஸ்டில் பதினான்கு பாட்டு எழுதி வந்தால் பன்னிரண்டுதான் ஏறும். எந்த ரெண்டை விடுவது என்பதும் எங்கள் வேலைதான். பழைய படப் பாட்டு மெல்லக் கேட்கும், புதுப் படப் பாட்டு அலறும். பதிவு செய்கிற டெக்கில் முள் துள்ளுவதைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் சத்தத்தைத் திருகி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நன்றாகச் செய்து கொடுத்தால் "கொள்ளாம்" என்று ஒரு சொல் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சி.டி.காரர்களில் முதல் மரியாதை மைக் செட்டு அண்ணன்மாருக்கு. கல்ஃபிலிருந்து லீவில் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள், அது உண்மைதான். ஆனால் வருஷம் முழுக்கக் கடையைத் தாங்கியது மைக் செட்டு. மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் திருவிழா, டிசம்பர் 3-ஐ ஒட்டிக் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, நடுவில் ஊருக்கு ஊர் சாமிக்குக் கொடை விழா, கல்யாணம், சடங்கு. அவர்களுக்கு ஹிட் பாட்டு மட்டும் போதாது. விடிகாலையில் பிள்ளையார் பாட்டில் தொடங்கி ராத்திரி வரை ஓட்ட வேண்டும்; போட்ட பாட்டையே திருப்பிப் போட்டால் கமிட்டிக்காரர் வந்து நிற்பார். அதனால் முழு ஆல்பமாகத்தான் வாங்குவார்கள், அதுவும் ஒரிஜினலாக.

ஏன் ஒரிஜினல் என்று ஒரு அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். புனல் ஸ்பீக்கரில் போட்டால் வித்தியாசம் தெரியாது, பாக்ஸ் ஸ்பீக்கரில் போட்டால் தெரியும் என்றார். ஆடியோ சி.டி.யில் நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள், ரெண்டு சேனலுக்கும் சேர்த்து 1,411 கிலோபிட். நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய 128 கிலோபிட் எம்.பி.3 அதில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. காது எதைக் கவனிக்காதோ அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை வைப்பதுதான் எம்.பி.3-யின் சூட்சுமம். வீட்டு டேப்பில் கேட்கிற காதுக்கு அந்தக் கணக்கு சரி. பெரிய பாக்ஸில் சத்தத்தைக் கூட்டி வைக்கும்போது தாளத்தட்டு ஓசை தண்ணீருக்குள் அடிப்பதுபோல் குழைந்து வரும். இந்த எண்கள் எதுவும் தெரியாமலே அந்த அண்ணன் காதால் பிடித்துச் சொன்னார்.

ஆல்பத்தைப் பிரித்து விற்பது கலையைக் கொல்வது என்று வெள்ளைக்காரர்கள் போட்ட சண்டையும் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது, செய்தியாக. பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழு தங்கள் ஆல்பங்களைப் பாட்டு பாட்டாக இணையத்தில் விற்கக் கூடாது என்று லண்டனில் வழக்குப் போட்டு 2010-இல் ஜெயித்தது. ஏசி/டிசி என்ற இன்னொரு ராக் குழு 2012 வரை ஆப்பிளின் இணையக் கடையான ஐட்யூன்ஸ் பக்கமே வரவில்லை. அவர்கள் ஆல்பத்தை வரிசை பார்த்து ஒரே படைப்பாகச் செய்கிறவர்கள், கோபம் நியாயம். நம் சினிமா கேசட்டுக்கு அந்த நியாயத்தை அப்படியே பொருத்த முடியாது. அஞ்சாறு பாட்டு, ஒவ்வொன்றும் படத்தில் ஒவ்வொரு இடத்துக்காகப் போட்டது. ஓடும் என்று நினைத்த பாட்டு பெரும்பாலும் முன்னால் வரும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 74 நிமிட சி.டி.யில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் என்பதால் ரெண்டு படம், மூன்று படம் சேர்த்தே போட்டார்கள். அதில் எங்கே ஒருமை?

பிரிக்கவே முடியாதது வேறு இருந்தது. வில்லுப்பாட்டு. காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று முறையாக ஏறி, கதைக்குள் போய், வாழி பாடி முடிக்க வேண்டும். ஒரு மாடன் சாமி கதைக்கு ஒரு சி.டி. பத்தாது. சாமி வருகிற இடம் மட்டும் வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தார். முதலாளி வெட்டிக் கொடுக்க மறுத்துவிட்டார். அவருக்கு அது பக்தியா, வியாபாரமா என்று எனக்குத் தெரியாது. முழுசாக வாங்கினால்தான் விலை என்பதும் இருக்கலாம். 2005-இல் இளையராஜா திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு செய்தபோதும் அப்படித்தான், ஆறு பாட்டில் ஒன்றை மட்டும் கேட்டு யாரும் வந்ததாக நினைவில்லை.

எம்.பி.3 சி.டி. வந்தபிறகு லிஸ்ட் செத்தது. 700 எம்.பி. தகட்டில் நூற்றைம்பது பாட்டு ஏறும் என்றால் யார் உட்கார்ந்து லிஸ்ட் எழுதுவார்கள்? கேசட்டுக்கு முழுதாக ஒரு மணி நேரம் டெக் ஓட வேண்டும். சி.டி. ரைட்டர் சில நிமிடத்தில் தகட்டைத் துப்பிவிடும். வேலை குறைந்தது கண்ணுக்குத் தெரிந்ததும் விலையும் இறங்கியது. பன்னிரண்டு பாட்டுக்கு வாதாடாமல் கூலி கொடுத்த அதே மனிதர், நூற்றைம்பது பாட்டுக்கு "சும்மா ஒரு தட்டு தட்டுதியளு, அதுக்கு இவ்வளவா?" என்றார். மெமரி கார்டு காலத்தில் அதுவும் போய் ஜி.பி. கணக்கு ஆனது. ஒரு ஜி.பி. ஏற்றித் தர ஐம்பது ரூபாய் என்று வைத்தால், அதில் இருநூறு பாட்டு கிடக்கும். பாட்டுக்குக் கால் ரூபாய்.

அந்தக் கால் ரூபாய்ச் சந்தைக்குள்தான் நேர்மையான கடைகள் வந்து நின்றன. 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் கம்பெனி 'ஃபிளைட்' என்ற பெயரில் பாட்டு விற்கத் தொடங்கியது. அந்த டிசம்பரில் ஐட்யூன்ஸ் இந்தியாவுக்கு வந்தது, பாட்டு 12, 15 ரூபாய். பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீயும் வடையும் கிடைத்த காலம், அநியாய விலை ஒன்றும் இல்லை. இருந்தும் ஃபிளைட் 2013 ஜூனில் மூடப்பட்டது. திருட்டுப் பாட்டு ஒரு காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, பத்து ரூபாய், பதினைந்து ரூபாயை இணையத்தில் கொடுப்பது அன்றைக்குப் பெரும்பாடு. கார்டு வேண்டும், அதைக் கம்ப்யூட்டரில் அடிக்கத் துணிச்சல் வேண்டும். யு.பி.ஐ. வந்தது 2016-இல். அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைக் கொட்டியதால் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளும் தேவையே போய்விட்டது. சில்லறை கொடுக்க வழி பிறந்தபோது வாங்கச் சரக்கு இல்லை.

நம் ஆட்கள் பாட்டுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் காலர் டியூனைக் காட்டுவேன். பதினைந்து ரூபாய்க்கு ஒரு பாட்டை என்றைக்கும் தன்னோடு வைத்துக்கொள்ளத் தயங்கியவர்கள், மாதம் முப்பது ரூபாய் கொடுத்து அதில் அரை நிமிடத்தைத் தங்களைக் கூப்பிடுகிறவர்கள் கேட்க வைத்தார்கள். தான் கேட்பதற்கு இல்லை, ஊர் கேட்பதற்கு. மைக் செட்டும் அதுதானே.

லிஸ்டும் இல்லாமல் ஆல்பமும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள். கொச்சிக்குப் போய்ப் போட்டில் ஏறினால் ஆழ்கடலில் ஒரு மாசத்துக்கு மேல் ஆகும் திரும்ப. அங்கே டவர் கிடையாது, ஸ்ட்ரீமிங் பேச்சுக்கே இடமில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் பென் டிரைவோடு வருவார்கள்.

"லிஸ்ட் உண்டா அண்ணே?"

"லிஸ்ட் ஒண்ணும் இல்ல மக்களே, நிறைச்சுத் தா. பத்துப் பன்னெண்டு பேரு உண்டு. மாதா பாட்டு வேணும், மலையாளம் வேணும், எம்.ஜி.ஆர். பாட்டு இல்லேன்னா கெழவன் செட்டைத் தூக்கிக் கடல்ல போட்டிருவான்."

படம் படமாக ஃபோல்டர் போட்டு முழுசாக ஏற்றிக் கொடுப்பேன். போட்டில் செட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தூண்டில் இரை கோக்கிற கையோடு யாரும் போய்ப் பாட்டைத் தள்ளிவிட மாட்டார்கள். கரைக்கு வந்ததும் ஒருவர் கடைக்கு வந்து, வாயால் வயலின் வாசித்துக் காட்டி, இது எந்தப் பாட்டு, பிள்ளைகளுக்கும் ஏற்றித் தா என்று கேட்பார். தேடிப் பார்த்தால் ஏதோ ஓடாத படத்தின் அஞ்சாவது பாட்டாக இருக்கும். எந்த லிஸ்டிலும் அந்தப் பாட்டை நான் பார்த்ததில்லை. ஆல்பம் முழுசாக வாங்கச் சொல்வது ஏமாற்று, ரெண்டு பாட்டுக்காக ஆறு பாட்டின் விலையைப் பிடுங்குகிறார்கள் என்ற பேச்சு சரிதான். ஆனால் கேட்காத அந்த நாலில் ஒன்று சில சமயம் வாழ்நாள் பாட்டாகிவிடுகிறது. லிஸ்ட்காரருக்கு அந்த யோகம் இல்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும்தானே அவர் எழுத முடியும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு, எனக்கு அதில்தான் ஆற்றாமை அதிகம். கேசட், சி.டி. அட்டையில் எழுதியவர் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் இருக்கும். யார் எழுதியது என்று கடை வாசலில் ரெண்டு பேர் பந்தயம் கட்டினால் அட்டையை எடுத்துக் காட்டித் தீர்த்து வைப்போம். நாங்கள் ஏற்றிக் கொடுத்த எம்.பி.3-யில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ திருட்டு வெப்சைட்டின் பெயர்தான் ஓடும், கவிஞர் பெயர் வராது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதி செய்தார்கள். சட்டம் உரிமையை உறுதி செய்த அதே நேரத்தில் ஃபைல் பெயரை அழித்துக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் கடையில் ஃபோன் கவரும் சார்ஜரும்தான் விற்பனை. பழைய மைக் செட்டு அண்ணன் மட்டும் இன்னும் போக்குவரத்து உண்டு. சி.டி. பிளேயர் பழுதானபின் அவரும் ஃபோனிலிருந்துதான் செட்டுக்குக் கொடுக்கிறார். ஒரு கொடையில், இலவச ஆப்பில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, நடுவில் சோப்பு விளம்பரம் நாலு புனலிலும் சேர்ந்து கத்தியிருக்கிறது. ஊரே சிரித்துவிட்டதாம். அன்றைக்கே மாசக் கட்டணம் கட்டிவிட்டார். காலமெல்லாம் சி.டி. வாங்கியவர் என்பதால் பாட்டுக்குக் காசு கொடுப்பது அவருக்குக் கசக்கவில்லை. அடுத்த கொடையில் கமிட்டிக்குக் கொடுத்த பில்லில் செட்டு வாடகை, ஆள் கூலி, வண்டி வாடகை, கடைசியில் 'பாட்டு வகை' என்று ஒரு சின்னத் தொகை எழுதியிருக்கிறார். பொருளாளர் மற்றதெல்லாம் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டு, அந்த ஒரு வரியில் மட்டும் பேனாவை வைத்தாராம்.

"பாட்டுக்கு எதுக்கு வே காசு? அது ஃபோன்ல சும்மாதான கெடக்கு."