அப்பாவின் கேசட்டும் பத்மினி காரும்

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் கொடுத்துவிட்டு வருவார். அடுத்த முறை போகையில் கேசட் தயாராக இருக்கும். அப்படிச் சேர்ந்தவை 38. போன வருடம் அவருடைய பிரீமியர் பத்மினியை ஓட்டத்துக்குக் கொண்டுவந்ததும், அவற்றைக் கேட்டபடியே இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டும் என்று ஆசை வந்தது.

கார் ஸ்டீரியோவில் பெல்ட் உருகி, தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. சுரண்டித் துடைத்துப் புது பெல்ட் போட்டதும் சுற்றியது. முதல் கேசட்டைத் தள்ளினேன். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, அப்புறம் நின்றது. வெளியே இழுத்தால் கூடவே ஒரு முழம் டேப் கசங்கி வந்தது.

பழைய பேருந்து நிலையம் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் போனேன். கேசட்டின் வாயைத் திருப்பிப் பார்த்து, "பஞ்சு எங்கங்க தம்பி?" என்றார். நடுவில் சின்னத் தகட்டின் மேல் மிளகு அளவுக்கு ஒரு ஃபெல்ட் துண்டு இருக்கும். டேப்பை, பாட்டைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து உதிர்ந்தால் சத்தம் மங்கிவிடும். எண்ணிப் பார்த்தேன், பதினொன்றில் பஞ்சே இல்லை.

பஞ்சைச் சரிசெய்யக் கூட்டைத் திறக்க வேண்டும். ஐந்து ஸ்குரூ போட்ட கேசட் என்றால் வேலை சுலபம். ஒட்டி மூடியதைப் பிளேடு விட்டு நெம்பிப் பிளந்து, இரண்டு சக்கரத்தையும் டேப்போடு அப்படியே தூக்கி, ஸ்குரூ உள்ள வேறு கூட்டுக்குள் வைக்க வேண்டும். முதல் தடவை ஒரு சக்கரம் நழுவி, டேப் கட்டில் வரை ஓடியது. பென்சிலால் சுற்றி ஏற்ற ஒரு சாயங்காலம் போனது.

மலைவீட்டு ஈரத்தில் சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை. சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் ஒரு வாரம் காயவைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, உதவாத ஒரு பிளேயரில் டேப்பை மென்துணிக்கு நடுவே ஓடவிட்டுத் துடைத்தேன். நல்ல பிளேயரில் இதைச் செய்யாதீர்கள், பூஞ்சை அதற்கும் தொற்றும்.

கசங்கிய இடத்தை வெட்ட மனசே வரவில்லை. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் டேப்பில் இரண்டு சென்டிமீட்டர் போனால் அரை நொடிகூட இல்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டு சாய்வாக வெட்டினேன். முனைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்டவைத்து, ஹெட் படாத பக்கத்தில், இதற்கென்றே உள்ள ஸ்பிளைசிங் டேப் ஒட்டினேன். சாதா செலோடேப் வேண்டாம். பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டியதைக் காரில் போடப் போனபோது பெரியவர் தடுத்தார். "சேலத்து வெயில்ல டேஷ்போர்டுல வெச்சா கூடே வளைஞ்சுரும். காப்பி எடுத்துக்குங்க." நியாயம்தான். முதலில் எல்லாக் கேசட்டின் முதுகிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் காதை உடைத்தேன். அது இல்லாவிட்டால் மேலே ரெக்கார்ட் ஆகாது, கை தவறி அழித்துவிடக் கூடாதே. ஹெட்டின் ஓரத்து ஸ்குரூவை மயிரிழை திருப்பி, ஜால்ரா ஓசை கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தி, லேப்டாப்பில் பதிந்தேன். அங்கிருந்து புது சி-60, அதாவது அறுபது நிமிடக் கேசட்டுக்கு. சி-90-இல் டேப் மெல்லிசு, கார் சீக்கிரம் மென்றுவிடும்.

அசல்கள் இப்போது பீரோவில். காரில் ஓடுவது காப்பி. ஒட்டுப் போட்ட இடத்தில் பாடுகிறவர் ஓர் எழுத்தை விழுங்குகிறார். பின்சீட்டில் என் மகளும் அதை விழுங்கித்தான் பாடுகிறாள்.