கம்பைல் ஆனால் போதுமா? மழைமானிக்காக சிமேக் சோதனைகள் எழுதிப் பார்த்தது

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. 0.2 மி.மீ. மழை சேர்ந்ததும் உள்ளே இருக்கும் சின்ன வாளி கவிழ்ந்து ஒரு பல்ஸ் கொடுக்கும். அதை எண்ணுவது ஒரு பழைய ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது என்று ஊரே பேசியது. எங்கள் தெருவில் எவ்வளவு பெய்தது என்று சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை. அந்தக் கணக்கு வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன்.

ப்ரோகிராம் சி மொழியில். பில்டை நடத்துவது சிமேக் என்ற கருவி. பை ஸீரோவிலேயே பில்ட் செய்தால் இழுத்துக்கொண்டே போகும், அதனால் லேப்டாப்பில் கிராஸ் கம்பைல், அதாவது ஒரு கம்ப்யூட்டரில் இருந்துகொண்டே வேறு வகை சிப்புக்குக் கோட் கட்டுவது. அங்கேதான் வேலை பிடித்தது. டெபியன் லினக்ஸில் கிடைக்கும் 32 பிட் ஆர்ம்ஹெச்எஃப் கம்பைலர் ஆர்ம்வி7-க்குக் கோட் எழுதும். பை ஸீரோவின் சிப் அதற்கு முந்தைய தலைமுறையான ஆர்ம்வி6. கம்பைல் ஆகும், லைப்ரரிகளோடு இணைந்து லிங்க்கும் ஆகும், போர்டில் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று நின்றுவிடும்.

"கம்பைல் ஆயிட்டுல்லா மாமா, பெறவு என்ன?" என்றான் அக்கா மகன். கம்பைல் ஆகிறதா, லிங்க் ஆகிறதா, ஓடுகிறதா: மூன்றும் மூன்று கேள்வி. பில்ட் தொடங்கும் முன்பே, கான்ஃபிகர் கட்டத்தில், குட்டி குட்டி சோதனைக் கோட் எழுதித் தனித்தனியாகக் கேட்டுவிட வேண்டும். ஆட்டோகான்ஃப் என்ற இன்னொரு கருவியில் மூன்றுக்கும் தனி மேக்ரோ உண்டு. சிமேக்கில் கம்பைல் சோதனை என்ற பெயரில் இருப்பது சாதாரணமாக லிங்க்கையும் சேர்த்தே செய்கிறது.

ஆர்ம்வி6 கம்பைலருக்கு மாறியதும் அடுத்தது வந்தது. கடைசியாக வாளி கவிழ்ந்த நேரத்தை நானோ நொடியில் வைத்திருக்கும் ஒரு 64 பிட் அட்டாமிக் மாறி (பாதியில் குறுக்கீடு இல்லாமல் முழுதாகப் படிக்க, எழுத முடிவது) இருக்கிறது. ஆர்ம்வி6-இல் அதற்கு லிப்அட்டாமிக் லைப்ரரி வேண்டும். ஆனால் கான்ஃபிகர் சோதனையோ லைப்ரரி இல்லாமலே 'சக்ஸஸ்' என்றது. முழு பில்ட் மட்டும் கடைசி லிங்க்கில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று விழுந்தது. எந்தக் கம்பைலர் என்று சிமேக்குக்குச் சொல்லும் டூல்செயின் ஃபைலைத் துருவியபோதுதான் பிடிபட்டது: சோதனையில் எக்ஸிகியூட்டபிளுக்குப் பதில் ஸ்டாட்டிக் லைப்ரரி கட்டச் சொல்லும் வரி ஒன்று அதில் இருந்தது. மைக்ரோகன்ட்ரோலர் வேலைக்கு அது தேவைதான். ஆனால் ஸ்டாட்டிக் லைப்ரரிக்கு லிங்க்கர் ஓடுவதே இல்லை. இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் தெரியாது. அந்த வரியை எடுத்தேன். இப்போது முதலில் லைப்ரரி இல்லாமல் கேட்கிறது, தோற்றால் லிப்அட்டாமிக்கைச் சேர்த்து மறுபடி கேட்கிறது. இரண்டு சோதனைக்கும் ரிசல்ட் வேரியபிள் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒரே பெயர் வைத்தால் கேஷில் இருக்கும் பழைய பதிலையே சிமேக் எடுத்துக்கொள்ளும், சோதனை நடக்கவே நடக்காது. ஃப்ளாக் மாற்றிய பிறகும் இதே கதைதான், சிமேக் 3.24 முதல் கேஷை அழித்துவிட்டுத் தொடங்கும் 'ஃப்ரெஷ்' ஆப்ஷன் இருப்பது பெரிய நிம்மதி.

ஓட்டிப் பார்க்கும் சோதனைதான் கிராஸ் கம்பைலில் சிக்கல். லேப்டாப்பில் ஆர்ம் ப்ரோகிராம் ஓடாது என்பதால், பதிலை நீயே நிரப்பிக் கொடு என்று சிமேக் ஒரு ஃபைலை எழுதி வைத்துவிட்டு நின்றுவிடும். கையால் நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் எழுதிய பதிலை நானே வாங்கிக்கொள்வதற்குச் சோதனை எதற்கு? லேப்டாப்பிலேயே ஆர்ம் சிப் போல நடிக்கும் கியூஎமுவை எமுலேட்டராகக் கொடுத்தேன். அதிலும் சிபியூ பை ஸீரோவில் இருக்கும் ஆர்ம்1176 என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆர்ம்வி7 கோடையும் மறுப்பில்லாமல் ஓட்டிவிடும். சொன்னதும், பழைய கம்பைலர் கட்டிய சோதனை போர்டில் விழுந்த மாதிரியே லேப்டாப்பிலும் விழுந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஓட்டாமலே முடிவது ஒன்றும் உண்டு. சி மொழியில் நேரத்தை வைக்கும் டைம்_டி என்ற டைப் 32 பிட்டாக இருந்தால் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாது. அளவு 8 பைட் இருந்தால் நீளம் 1, இல்லாவிட்டால் -1 என்று ஒரு அரேயை அறிவித்தேன். நீளம் -1 ஆன அரேயைக் கம்பைலர் ஏற்காது. விடை அங்கேயே கிடைத்துவிடும். முதலில் தோற்றது. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34-இல் வந்த 64 பிட் நேர ஃப்ளாக்கை, ஃபைல் ஆஃப்செட் 64 பிட் ஃப்ளாக்கோடு சேர்த்துக் கொடுத்ததும் தேறியது. ஃபைல் ஆஃப்செட் ஃப்ளாக் இல்லாமல் நேர ஃப்ளாக்கை மட்டும் அது ஒத்துக்கொள்வதில்லை.

இப்போதைக்கு நான்கு சோதனையும் கான்ஃபிகரிலேயே ஓடுகின்றன, பைனரி போர்டில் ஓடுகிறது. அடுத்து, வாளி கவிழும்போது ஒரே பல்ஸ் இரண்டாகப் பதிவாகிறதே, அதைப் பார்க்க வேண்டும்.