பர்லியாற்றில் வந்த கருகல் நாற்றமும் பிக்கப்புக்குப் பிரேக் டிஸ்க், பேட் மாற்றிய கதையும்

கேத்திப் பக்கம் கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவதுதான் என் பொலேரோ பிக்கப்புக்கு வேலை. போன மாசியில் ஒரு விடிகாலை, பர்லியாறு தாண்டியதும் ஏதோ கருகுகிற நாற்றம். முன்னால் போன லாரியிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை கீழே போனது. ஸ்டீயரிங் கையில் கிடுகிடுவென்று ஆடியது. இரண்டாம் கியருக்கு மாற்றி, ஊர்ந்து ஊர்ந்து கல்லாறு வந்து ஓரம் கட்டினேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாலே முகத்தில் அனல் அடித்தது. பின் சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்கு மாதம் முன்புதான் முன் சக்கரங்களின் பிரேக் பேட் மாற்றியிருந்தேன். ஒரு ஸ்பேர்ஸ் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது. பெட்டி அசல் மாதிரியே இருந்தது, நானும் ஆராயவில்லை. அதனால் முதல் கோபம் அந்தப் பேட் மேல்தான். நாற்றத்துக்குக் காரணம் பேட், ஆட்டத்துக்குக் காரணம் அந்தப் பேட் கவ்விப் பிடிக்கும், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் வளைந்தது, இரண்டையும் மாற்றினால் கதை முடிந்தது என்று தீர்மானித்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றும் முன்பே கேட்டார்: "பின்னாடி டிரம் சுட்டுச்சுங்களா?" சில்லென்று இருந்ததைச் சொன்னேன். "அப்ப முன்னாடி ரெண்டு மட்டும்தானுங்க இத்தனை நாளா வண்டியவே நிறுத்திட்டு இருந்திருக்குது" என்றார்.

பின் டிரம்மைக் கழற்றியதும் விஷயம் புரிந்தது. ஒரு பக்கம் ஆக்சில் ஆயில் சீல் கசிந்து, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ முழுக்க ஆயிலில் ஊறிக் கிடந்தது. இன்னொரு பக்கம் ஷூவை அட்ஜஸ்ட் செய்தே பல காலம் ஆகியிருந்தது. வண்டியும் சுமையும் சேர்ந்து மூன்று டன்னை ஒட்டி வரும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,500 மீட்டர் இறக்கம். அவ்வளவு எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் வேகத்தை இன்ஜின் பிடித்தது போக மிச்சத்தைப் பிரேக்தான் சூடாக மாற்றித் தள்ள வேண்டும். நான்கு சக்கரம் பங்கு போட வேண்டியதை இரண்டு சுமந்தால் எந்தப் பேட்தான் தாங்கும்?

முன் பக்கம் கழற்றிய பேட்டைக் கையில் கொடுத்தார். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதிகச் சூட்டில் பேட் இப்படி இறுகிவிட்டால் மிதித்தாலும் பிடிக்காமல் வழுக்கும். உள் பக்கப் பேட் இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப் பக்கம் ஆறு இருந்தது. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்விதான் காலிபர். ஒரே காலிபரில் இப்படி ஏறுமாறாகத் தேய்ந்தால், காலிபர் நகர்வதற்கென்று இருக்கும் இரும்புப் பின் (pin) இறுகிவிட்டது என்று அர்த்தமாம். கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. முன்பு பேட் போட்டவர் அங்கே சாதாரண கிரீஸைத் தடவியிருந்தார். ரப்பர் பூட் உப்பிப் போய்ப் பின்னைக் கவ்விக்கொண்டு இருந்தது. அதற்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸைத்தான் போட வேண்டும்.

அடுத்து டிஸ்க். தடிமனை அளக்க நான் வெர்னியரை நீட்டினேன், அண்ணன் சிரித்தார். டிஸ்க்கின் ஓரத்தில் பேட் படாமல் தேயாத ஒரு வரப்பு நிற்கும். வெர்னியர் அதன் மேல் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டிவிடும். அவர் மைக்ரோமீட்டரை உள்ளே விட்டு எட்டு இடத்தில் அளந்தார். டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை. அதைவிட அரை மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை, அதுவும் இடத்துக்கு இடம் வேறு. ஸ்டீயரிங்கை ஆட்டியது இந்த வித்தியாசம்தான். நாம் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் வளைவே இல்லையாம்.

"லேத்துல ஒரு கட்டிங் குடுத்து ஓட்டலாமுங்களா?" என்று கேட்டேன். செலவு மிச்சமாகுமே என்ற ஆசைதான். "தரையில ஓடுற வண்டின்னா யோசிக்கலாம். மெலிஞ்ச டிஸ்க் சீக்கிரம் சூடேறும், நீங்க மலை இறங்குறீங்க" என்று முடித்துவிட்டார். சரி, புது டிஸ்க்தான்.

கோயம்புத்தூரில் கடை ஏறினால் தலை சுற்றிப் போகும். ஓட்டை போட்ட டிஸ்க், கோடு கிழித்த டிஸ்க் என்று ஒருவர் எடுத்துப் போட்டார். பார்க்க ரேஸ் வண்டி மாதிரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் சூடேறிச் சூடேறி ஆறுகிற வண்டியில் அந்த ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். காற்று போக நடுவில் இடைவெளி விட்ட சாதா டிஸ்க்கையே எடுத்தேன். இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பேட்டில்தான் அதிக நேரம் நின்றேன். செராமிக் பேட் சத்தம் போடாது, வீலில் கருப்புத் தூசி படியாது என்றார் கடைக்காரர். கேரட் மண் அப்பிய வீலுக்குத் தூசி ஒரு கேடா! உலோகத் துகள் கலந்த செமி மெட்டாலிக் பேட் கொஞ்சம் கீச்சிடும், டிஸ்க்கையும் சற்றுக் கூடுதலாகத் தேய்க்கும். ஆனாலும் சுமைக்கும் சூட்டுக்கும் அதுதான் வேண்டும் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். பேட்டின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சடித்திருக்கும், அதையும் பார்க்கச் சொல்லியிருந்தார். முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் பிடிப்பு, இரண்டாவது சூட்டில் பிடிப்பு. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டும் எஃப் இருந்தால் எடு, இரண்டாவது எழுத்து ஈ என்றால் வைத்துவிட்டு வா என்பது உத்தரவு. வீட்டுக்கு வந்து பழைய பேட்டைத் தேடி எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். அதில் எழுத்தே இல்லை.

இந்த முறை பில்லோடுதான் வாங்கினேன். பெட்டியின் ஹோலோகிராம், அச்சு விலை, பார்ட் நம்பர் எல்லாவற்றையும் நின்று நிதானமாகச் சரிபார்த்தேன். பின்னால் நின்றவர் முனகியது காதில் விழுந்தது.

மாட்டும் வேலையில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். புது டிஸ்க் உட்காரும் ஹப்பின், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியின், முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்ப்பதிலேயே கால் மணி நேரம் போனது. அங்கே ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து பழைய ஆட்டம் திரும்ப வந்துவிடும். டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி வரும் எண்ணெயையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தார். பின்னால் ஆயில் சீல், இரண்டு பக்கமும் ஷூ எல்லாம் புதிது. பிரேக் ஆயில் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் அந்த அளவு 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகி, மிதிப்பது பஞ்சை மிதிப்பது போல ஆகும். அன்று பெடல் கீழே போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றார். ஆயிலை முழுக்க மாற்றி, குழாயில் மாட்டிய காற்றையும் வெளியேற்றினார்.

மாட்டியவுடன் சுமை ஏற்றக்கூடாது என்று கண்டிப்பு. சிறுமுகை ரோட்டில் வெறும் வண்டியை ஐம்பது வேகத்தில் விட்டு, பத்துக்குக் குறையும்வரை நிதானமாக மிதித்து, அடியோடு நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. பேட்டின் மாவு டிஸ்க்கில் ஒரே சீராகப் படிய வேண்டுமாம். ரோட்டில் போனவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். இரண்டு நாள் லோடு போகாததால் வருமானம் போனது, மண்டியில் பேச்சும் வாங்கினேன்.

மூன்றாம் நாள் கேரட்டோடு இறங்கினேன். குன்னூரிலிருந்தே இரண்டாம், மூன்றாம் கியரைத் தாண்டவில்லை. பெடல் உயரத்திலேயே நின்றது, ஸ்டீயரிங் அசையவில்லை. கல்லாற்றில் நிறுத்தி முதலில் பின் சக்கரத்துக்குத்தான் போனேன். டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனேன், நல்ல சூடு. அப்படியே அண்ணனுக்குப் போன் போட்டேன். "சுடுதுங்களா? சரி, போய் லோடை எறக்குங்க" என்று வைத்துவிட்டார்.