தங்கையின் தலைவலி

2023 மே 9, செவ்வாய்

தங்கைக்குக் குழந்தை பிறந்து இன்று பதினோராம் நாள். நான்கு நாட்களாகத் தலைவலி. படுத்தால் கூடுகிறது என்கிறாள். தூக்கமின்மைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று, இந்த அக்கினி வெயிலிலும் அம்மா வெந்நீரை அரை டம்ளராக அளந்தே கொடுக்கிறார். அவள் உதடு வெடித்திருக்கிறது.

மே 10, புதன்

விடியற்காலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இடது கை வெட்டி இழுத்தது. குழந்தையை நான் வாங்குவதற்குள் வலிப்பு உடல் முழுவதும் பரவிவிட்டது. ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் இரத்தக்கசிவு தெரிந்தது. ஆனால் வெடித்தது தமனி அன்று. உச்சிக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெரிய சிரைப் பாதையை இரத்தக்கட்டி அடைத்திருப்பதாகவும், வடிகால் அடைபட்ட வயலில் நீர் ஏறி நிற்பதுபோல இரத்தம் பின்னுக்குத் தேங்கி, அழுத்தம் தாங்காத நுண்குழாய்கள் கசிந்துவிட்டதாகவும் மருத்துவர் விளக்கினார்.

மே 11, வியாழன்

நேற்றிரவே ஹெப்பாரின் தொடங்கிவிட்டார்கள். கசியும் மூளைக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தா என்று மாப்பிள்ளை பதறிப்போய்க் கேட்டார். எனக்கும் அதே பயம்தான். அடைப்பு வளர்ந்தால் அழுத்தம் ஏறிக் கசிவும் பெருகும். அது வளராமல் இந்த மருந்து தடுக்க, இருக்கும் கட்டியை உடல் தானே மெல்லக் கரைக்கும் என்றார் மருத்துவர். 1991இல் ஜெர்மனியில் 20 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் ஒருவரும் இறக்கவில்லை, பெறாதவர்களில் 3 பேர் இறந்தனர். அந்த இருபது பேரில் சிலருக்கு முன்பே கசிவு இருந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும், அதைப் படித்த பிறகே என்னால் சோறு உண்ண முடிந்தது.

மே 20, சனி

கசிவு பெரிதாகவில்லை. இன்று இடது கையால் டம்ளரைப் பிடித்தாள். விரல்கள் நடுங்கின, தண்ணீர் சிந்தவில்லை. இனிச் சில மாதங்களுக்கு வார்ஃபரின், இதுவும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைதான். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. இரத்தம் உறைவதைக் கூட்டும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை மட்டும் அவளுக்கு இனிக் கூடாது.

பிரசவத்துக்குப் பின் சில வாரங்களுக்கு இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும், நீர் வற்றினால் அந்த ஆபத்து இன்னும் கூடும் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் வைத்தார். தலைக்குள் ஏறிய அழுத்தத்தால் வந்த கண் நரம்பின் வீக்கம் இன்னும் முழுவதும் வடியவில்லை. திங்களன்று கண் மருத்துவரிடம் போகிறோம்.