சால்டரிங்கும் ஒரு 555 சுற்றும்

சால்டரிங், அதாவது எலக்ட்ரானிக்ஸ் உறுப்புகளை உருகிய ஈயத்தால் பற்றவைப்பதைக் கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஈயக் கம்பியை அயர்ன் எனும் சூட்டுக்கோலின் முனையில் உருக்கி, அந்தத் துளியைக் கொண்டுபோய் இணைப்பின் மேல் வைக்கப் பார்க்கிறார்கள். இணைப்பு உறுதியாக அமையாததற்கு முதன்மையான காரணம் இதுதான் என்பது என் கருத்து. சூடாக வேண்டியவை உறுப்பின் காலும் பிசிபி எனும் சுற்றுப்பலகையில் உள்ள செம்பு வளையமும் ஆகும். அயர்னின் முனை அவ்விரண்டையும் ஒருசேரத் தொட்டிருக்க, ஓரிரு விநாடிகளுக்குப் பின் கம்பியை அந்தச் சந்திப்பில் வைத்தால், அது தானே உருகிக் காலைச் சுற்றிப் பரவிவிடும்.

வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த கம்பி 183 பாகை செல்சியசில் ஒரே நேரத்தில் முழுவதுமாக உருகுவதால், கற்பவர்களுக்கு அதுவே ஏற்றது. காரீயம் இல்லாத கம்பிகள் ஏறத்தாழ 217 பாகைக்கு மேல்தான் உருகும். அவற்றுக்குக் கூடுதல் சூடும் கைப்பழக்கமும் தேவை. கம்பியின் நடுவே பைன் மரப் பிசினால் ஆன ஃப்ளக்ஸ் இருக்கிறது. காற்றுப்பட்ட செம்பின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலத்தை அது அகற்றிய பிறகே, உருகிய வெள்ளீயம் செம்போடு வினைபுரிந்து மெல்லிய கலப்புலோகப் படலமாக மாறுகிறது. ஆகவே ஈயம் வெறும் பசையைப்போல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நல்ல இணைப்பு பளபளப்பாக, காலை நோக்கிச் சரிந்து ஏறியிருக்கும். உருண்டையாகத் திரண்டு நின்றால், செம்பு போதிய அளவு சூடாகவில்லை என்று பொருள். எழும் புகை பெரும்பாலும் பிசினின் புகையே. அது மூச்சுக்குழாயை உறுத்தும் என்பதால், சன்னலைத் திறந்து வைப்பதும், காரீயம் பட்ட கைகளைச் சோப்பால் கழுவுவதும் கட்டாயம்.

முதல் சுற்றாக, 555 எனும் எட்டுக் கால் நேரக்கணிப்பு ஐசியைக் (சில்லு) கொண்டு எல்இடி விளக்கை மினுக்க வைப்பதையே நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தச் சிறு உறுப்பு, இன்றும் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. எட்டாம் காலுக்கும் ஏழாம் காலுக்கும் இடையே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), ஏழாம் காலுக்கும் ஆறாம் காலுக்கும் இடையே 68 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஆறாம் காலிலிருந்து தரைக்கு (பேட்டரியின் எதிர்முனைக்கு) 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பு) ஆகியவற்றை இணைத்து, இரண்டாம் காலை ஆறாம் காலோடும் நான்காம் காலை எட்டாம் காலோடும் சேர்க்க வேண்டும். மூன்றாம் காலிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக எல்இடி தரைக்குச் செல்லும். ஐசியை நேரடியாகப் பற்றவைக்காமல், அதற்கான சாக்கெட்டைப் பற்றவைத்துவிட்டுப் பின்னர் ஐசியைப் பொருத்துவது நல்லது. பேட்டரியை இணைக்கும் முன், அடுத்தடுத்த கால்களுக்கிடையே ஈயம் பாலம்போல் ஓடியிருக்கிறதா என்று மல்டிமீட்டர் எனும் மின் அளவுமானியால் பார்த்துவிட வேண்டும்.

சுற்றின் இயக்கம் எளிமையானது. கெப்பாசிட்டரின் மின்னழுத்தம் பேட்டரியின் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் ஐசி அதை ஏழாம் கால் வழியே வடியவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மீண்டும் நிரம்பவிடுகிறது. இரு எல்லைகளும் பேட்டரி அழுத்தத்தின் பங்குகளாகவே இருப்பதால், பேட்டரி சற்றுத் தளர்ந்தாலும் மினுக்கும் வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஐசிக்குள் சமமான மூன்று ரெசிஸ்டர்களை வரிசையாக வைத்தே இதைச் சாதித்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

மேலே சொன்ன அளவுகளில் விளக்கு ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை மினுக்கும். 10 மைக்ரோஃபாரடுக்குப் பதிலாக 100 மைக்ரோஃபாரட் வைத்தால், அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 9 வோல்ட் பேட்டரியில், மல்டிமீட்டரை ஆறாம் காலுக்கும் தரைக்கும் இடையே வைத்தால், எண் முதலில் சுழியத்திலிருந்து ஏறத்தாழ 6 வோல்ட் வரை உயர ஏழரை விநாடி எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடையே ஐந்து விநாடி இறக்கமும் ஐந்து விநாடி ஏற்றமுமாகப் போய்வந்துகொண்டிருக்கும்.