தரையிலிருந்து ஒன்றரை அடி

நவம்பர் 28

வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைக்கப் போகிறார்கள். பின்னால் யாருக்காவது உதவுமென்று இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன்.

முதலில் முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக எனக்கு வலித்தது இடது முழங்கால்தான். பால் கறக்கக் குந்தினால் வலி, எழுந்தால் அதைவிட வலி. பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் முழங்காலுக்குள் ஊசி போட்டார், உறை மாட்டச் சொன்னார், முழங்காலை மட்டும் படம் எடுத்தார். வயதானால் தேயும் என்று அனுப்பிவிட்டார். அப்போது எனக்கு 55.

போன ஆனியில் கோவையில் வேறொரு டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். தொடை இடுக்கில் சூட்டுக்கோல் வைத்த மாதிரி இருந்தது, அலறிவிட்டேன். "முழங்கால்ல ஒண்ணுமில்லீங்கம்மா, கோளாறு மேல இருக்குது" என்றார். இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்பே முழங்காலுக்கும் கிளை விடுகிறதாம். படத்தில் தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டம் இல்லாமல் செத்து, உருண்டையாக இருக்க வேண்டியது மேல்பக்கம் அமுங்கிக் கிடந்தது. இளைப்புக்காக நான் மாதக்கணக்கில் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரை காரணமாக இருக்கலாம் என்றார்.

வீட்டில் யாருக்காவது முழங்கால் வலி எதற்கும் அடங்கவில்லை, குனிந்து செருப்பு மாட்டவோ கால் நகம் வெட்டவோ முடியவில்லை என்றால், இடுப்பையும் ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு இரண்டு வருஷம் போனது போனதுதான்.

டிசம்பர் 4

நேற்று முடிந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். அரைத் தூக்கத்தில் டொக் டொக்கென்று அடிக்கிற சத்தம் கேட்டது. நம் தச்சர் கட்டிலுக்குக் கால் இறக்குகிற சத்தம். என் எலும்பில்தான் அடிக்கிறார்கள் என்று தெரிந்தும் பயம் வரவில்லை.

உள்ளே வைத்திருப்பது டைட்டானியம் தண்டு, அதன் தலையில் செராமிக் பந்து, பந்து சுழலக் கிண்ணத்துக்குள் பாலிஎதிலீன் உறை. சிமெண்ட் போடவில்லை. தண்டின் மேல்பாகம் சொரசொரப்பாக இருக்கும், என் எலும்பு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். வேலிக்குக் கிளுவைப் போத்து ஊன்றுவது போலத்தான். ஊன்றிய போத்தை ஆட்டிப் பார்க்கக் கூடாது, தானாக வேர் விட வேண்டும்.

இன்று காலையில் பிசியோ பெண் வந்து எழுப்பி நிறுத்தினாள். வாக்கரைப் பிடித்து 11 அடி வைத்தேன். அறுத்த இடம் வலித்தது. ஆனால் அந்தப் பழைய வலி, இரண்டு வருஷமாக என்கூடவே படுத்து எழுந்தது, இல்லை. 11 அடியிலும் அதைத் தேடினேன். இல்லை.

டிசம்பர் 6

சட்டங்கள் வந்துவிட்டன. இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, அதாவது உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்திருப்பதால், மீறினால் பந்து பின்னால் நழுவிக்கொள்ளும். ரத்தம் கட்டாமல் இருக்க 35 நாளைக்கு ஒரு மாத்திரை. முழித்திருக்கிற நேரமெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

தூக்கம் வராமல் மகனிடம் இந்த மூட்டைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டேன். போனில் தேடி வாசித்துக் காட்டினான். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர். முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்து பலருக்கு வைத்திருக்கிறார். வலி போய் நடந்திருக்கிறார்கள், ஆனால் சில வருஷத்திலேயே கிண்ணம் தேய்ந்து எல்லாம் கெட்டுப் போயிருக்கிறது. அதோடு விட்டுவிடாமல் வேறு பிளாஸ்டிக்கைத் தேடி, 1962-ல் பாலிஎதிலீன் கிண்ணம் வைத்தார். அந்த வழிதான் இன்று என் தொடைக்குள் இருக்கிறது. தேய்ந்துபோன அந்த முதல் ஆட்களை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். அவர்கள் பட்டதில்தான் நான் நிற்கிறேன்.

டிசம்பர் 9

தோட்டத்துக்கு வந்துவிட்டோம். ஆசாரத்தில் மரக்கட்டில், காலுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். என் கயித்துக் கட்டிலை மாட்டுச் சாளைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் உட்கார்ந்தால் இடுப்பு பள்ளத்தில் இறங்கி முழங்கால் மேலே போய்விடும். மகன் பொடக்காலியில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, சுவரில் பிடிக்கக் கம்பியும் அடித்திருந்தான்.

இன்று முழுக்க ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிழைப்பு எவ்வளவு தூரம் தரையில் இருக்கிறது! கறப்பது, சாணி வழிப்பது, சின்ன வெங்காயம் அறுப்பது, அரிவாள்மணை, அம்மி, வாசல் கூட்டுவது, ஒரம்பரை வந்தால் பாய் போட்டுப் பழமை பேசுவது. நான் பிறந்ததிலிருந்து செய்த வேலையெல்லாம் ஒரு முழ உயரத்துக்குக் கீழேதான் நடந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் என் வீடே எனக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கிறது.

டிசம்பர் 17

கிளிப் எடுத்துவிட்டார்கள். 28 கிளிப். காயம் காய்ந்திருக்கிறது.

நேற்று மார்கழி பிறந்தது. மருமகள் கோலம் போட்டுச் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைத்தாள். "சரியா இருக்குதுங்களா அத்தை?" என்று அங்கிருந்தே கேட்டாள். இடப்பக்கம் ஒரு புள்ளி தவறியிருந்தது. நல்லாருக்குது கண்ணு என்றேன்.

நங்கையா ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். "எலும்புக்கு எலும்புதான் புள்ள சேரும்" என்று ஒரு போசி நிறைய ஊற்றிக் குடிக்க வைத்தார். நன்றாக இருந்தது. எனக்கு டாக்டர் சொல்லியிருப்பது முட்டை, பருப்பு, பால். கொள்ளுப் பருப்பும் கடைந்து தின்கிறேன்.

டிசம்பர் 24

ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் மாடு மயிலை கத்துகிற சத்தம். அது ஈனுகிற கத்தல் என்று சத்தத்திலேயே தெரியும். இதுவரை அது போட்ட நான்கு கன்றுக்கும் நான்தான் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினார். நான் வாக்கரோடு திண்ணை வரைக்கும் போய் நின்றேன். மூன்று படி இறங்கினால் கட்டுத்தறி. ராத்திரியில் படி இறங்க மாட்டேன் என்று பிசியோ பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். திண்ணையிலிருந்தே, "மூக்கத் தொடைச்சு விடுங்க, வாயில சளி இருக்கும்" என்று கத்தினேன்.

விடிந்ததும் கிடாரிக் கன்றைத் தூக்கிவந்து காட்டினார். செக்கச் செவேலென்று இருக்கிறது. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பு, ஆறு மாசத்தில் சாம்பல் நிறத்து மயிலையாகும்.

சீம்பாலை அவர்தான் கறந்தார். மயிலை அவருக்கு முழுசாகச் சுரக்கவில்லை, மடியில் நிறுத்திக்கொண்டது.

ஜனவரி 2

கைத்தடிக்கு மாறினேன். பார்க்கிறவர்களெல்லாம், "என்னுங் நீங்க, வலி எடது காலு, தடி வலது கையில புடிக்கறீங்க?" என்கிறார்கள். எனக்கும் முதலில் புரியவில்லை. பிசியோ பெண் விளக்கினாள். இடது காலில் நிற்கும்போது உடம்பு வலப்பக்கம் சாயாமல் இழுத்துப் பிடிப்பது இடது இடுப்பின் வெளிப்பக்கச் சதை. அது மூட்டுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பதால் பெரிய பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கிறது, அந்த இழுப்பும் சேர்ந்து மூட்டின் மேல் நம் எடையைவிட இரண்டு மூன்று மடங்கு பாரம் ஏறுகிறது. வலது கையில் தடி ஊன்றினால், தூரத்திலிருந்து ஒரு சின்னத் தாங்கல் கிடைக்கிறது. கடப்பாரையை நுனியில் பிடித்தால் பெரிய கல்லும் லேசாக நெம்பிக்கொள்வதைப் போல. இடது கையில் பிடித்தால் அந்தப் பலன் கிடைக்காது.

அந்தச் சதை வளரத்தான் தினம் மூன்று வேளை நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குகிறேன். தூணைப் பிடித்துக்கொண்டு 10, 10, 10.

ஜனவரி 15

பட்டிப்பொங்கல். காப்புக் கட்டும்போதே பூளைப்பூ கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டார்கள், நான் உட்கார்ந்த இடத்திலேயே வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டினேன். சாயங்காலம் பட்டிக்கு நடந்தேன், தடியோடு, 240 அடி. தெப்பக்குளம் என்று சின்னக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி மாடுகளைத் தாண்ட விட்டார்கள். மயிலை என் கிட்டே வந்து தடியை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது. ராத்திரி அது மனசை விட்டுப் போகவில்லை.

ஜனவரி 21

இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. ரத்தக்கட்டாக இருந்தால் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்ததால் உடனே கிளம்பினோம். போகிற வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. கூடுதலாக நடந்த வீக்கம், காலை உயர வைத்துப் படுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

பிப்ரவரி 9

தைப்பூசம் நெருங்கிவிட்டது. தாராபுரம் ரோட்டில் நேற்றிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள். பச்சையும் காவியுமாக, காவடியோடு, கைக்குழந்தையோடு. 14 வருஷம் நானும் இதே ரோட்டில் போயிருக்கிறேன். ஊதியூர் மலை தெரிந்ததும் முதல் களைப்பு வரும், அங்கே ஒரு மோர் குடித்தால் தாராபுரம் வரைக்கும் தாங்கும். இந்த வருஷம் எங்கள் ஊர் மோர்ப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டம்ளர் எடுத்துக் கொடுத்தேன். என் வயது அம்மா ஒருத்தர் தடியைப் பார்த்து, "ஆபரேஷனுங்களா? எனக்கும் ஆச்சுங்க, மூணு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு அரோகரா போட்டுக்கொண்டு நடந்து போனார். கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவர் நடையைத்தான் பார்த்தேன். சாய்வே இல்லை.

பிப்ரவரி 25

12 வாரம். படம் எடுத்தார்கள். "போத்து புடிச்சுருச்சுங்களா?" என்று கேட்டேன். டாக்டருக்கு விளங்கவில்லை, சொன்னதும் படத்தைத் திருப்பிக் காட்டினார். தண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் சந்து இல்லை. தடியை விடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், படி ஏறலாம், மொபெட் ஓட்டலாம்.

தரையில் குந்துவது மட்டும் வேண்டாம் என்றார். எப்போது வரைக்கும் என்றேன். இந்த மூட்டு இருக்கிற வரைக்கும். 25 வருஷம் தாண்டியும் பாதிப் பேருக்கு மேல் இது உழைக்கிறதாம், அதைக் குந்தி உட்கார்ந்து வீணாக்காதீர்கள் என்றார்.

மார்ச் 4

முக்காலி போட்டுக் கறந்து பார்த்தேன். முக்காலி உயரமாக இருந்தால் மடிக்குக் குனிய வேண்டியிருக்கிறது. தாழ்வாக இருந்தால் முழங்கால் ஏறுகிறது. எப்படிப் பார்த்தாலும் இடுப்பு தொண்ணூறைத் தாண்டுகிறது. எழுந்துவிட்டேன்.

ராத்திரி கட்டிலில் படுத்திருக்கும்போது அடியில் இருக்கிற செங்கல் ஞாபகம் வந்தது. அவரை எழுப்பி, "ஏனுங்க, கட்டல ஒசத்துன மாதிரி மாட்டையும் ஒசத்துனா என்ன?" என்றேன்.

"தூங்கு புள்ள" என்றார். காலையில் பார்த்தால் கட்டுத்தறியில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.

மார்ச் 16

மேடை முடிந்தது. ஒன்றரை அடி உயரம், மாடு ஏற எட்டடிக்குச் சரிவு. குளம்பு வழுக்காமல் இருக்கக் காரை காயும் முன்னே கயிறு அழுத்திக் கோடு போடச் சொன்னேன். மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மடி என் கைக்கு நேரே வரும் என்பது கணக்கு. கொத்தனார் முப்பது வருஷமாகக் கட்டுகிறாராம், மாட்டுக்கு மேடை கட்டியது இதுதான் முதல் தடவை என்றார்.

மார்ச் 23

மயிலை ஏறவில்லை. ஒரு வாரமாகச் சரிவுக்கு முன்னே வந்து நின்று முன்னங்காலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. தவிடு வைத்தோம், பருத்திக்கொட்டை வைத்தோம். அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார், நான் வேண்டாமென்றேன். என்னையும் யாரும் இழுத்து நடக்க வைக்கவில்லை.

மார்ச் 27

இன்று மருமகள் கன்றை மேலே ஏற்றிவிட்டாள். அது மேடையில் நின்று அம்மா என்றது. மயிலை ஒரே மூச்சில் ஏறிப் போய் அதை நக்கிக்கொண்டு நின்றது.

கன்றை ஊட்டவிட்டுப் பிரித்துக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, முதுகு நிமிர்ந்தபடி காம்பைப் பிடித்தேன். நான்கு மாசம் ஆனது கைக்குத் தெரியவில்லை. இரண்டு இழுப்புக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது இழுப்பில் போசியில் பால் விழுகிற சத்தம். ஒன்றரை லிட்டர். நிறுத்திக்கொள்ளாமல் கொடுத்தது.

ஜூன் 8

இப்போது தினம் காலையில் இட்டேரி வழியாக எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றி வருகிறேன், நாலு கிலோமீட்டர். கிளுவை வேலி துளிர்த்திருக்கிறது. ஒரு மழைக்கே கொழுக்கட்டைப் புல் தலை தூக்கிவிட்டது. படலைத் திறக்கக் குனிய வேண்டியிருந்ததால் கொண்டியை மேலே மாற்றிக் கட்டியிருக்கிறேன். வெள்வேல மரத்தடியில் ஒரு கல் இருக்கிறது, உட்கார நல்ல உயரம். அதில் ஐந்து நிமிஷம். பிறகு கன்றுக்கு ஒரு கைப்பிடி புல்.

இன்று புல்லை நீட்டும்போதுதான் பார்த்தேன். காதுக்குப் பின்னாலும் கண்ணைச் சுற்றியும் சிவப்பு வெளுக்க ஆரம்பித்திருக்கிறது.