பழைய ராணுவ ஜீப்புக்கு மைதான அனுமதி வாங்கிய அனுபவம்

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பைப் பழைய ராணுவ வண்டிகளின் நிகழ்ச்சி ஒன்றில் ஓட்ட வேண்டுமென்றால் உரிமமும் காப்பீடும் மட்டும் போதாது. நான் போன இடத்தில் வாசலிலேயே வண்டிப் பரிசோதனை, அப்புறம் ஓட்டுநர்களுக்கான விளக்கக் கூட்டம். இரண்டும் முடிந்த பிறகுதான் அனுமதிச் சீட்டு. காகிதங்களை ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நேரம் பிடித்ததெல்லாம் வண்டிக்குத்தான்.

பரிசோதகர் முதலில் பிரேக்கைப் பார்த்தார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஆனால் பிரேக் எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் சுற்று ஒன்றே ஒன்று. எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கும் சேர்ந்து போய்விடும். என்னைப் பெடலை மிதித்தபடி உட்காரச் சொல்லிவிட்டு, அவர் அடியில் படுத்து ஒவ்வொரு குழாயாகக் கசிவு பார்த்தார். கை பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை, விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் சக்கரங்களைச் சுற்றும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பினால் அதுவும் உதவாது. அதனால் வண்டி எங்கே நின்றாலும் சக்கரத்துக்குக் கட்டை வைத்தே ஆக வேண்டும் என்றார்.

பெட்ரோல் டேங்க் இருப்பது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். மெத்தையைத் தூக்கித்தான் நிரப்ப வேண்டும். மைதானத்துக்குள் நிரப்பக் கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் வேண்டும். இதில் யாருக்கும் தகராறில்லை. பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் கேட்டபோதுதான் வரிசையில் முணுமுணுப்பு. அசல் வண்டியில் அது கிடையாது, தோற்றம் கெடும், வெறும் 6 வோல்ட்டுக்கு எதற்கு இதெல்லாம் என்றார் ஒருவர். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வோல்ட் குறைவாக இருப்பதால்தான் அதே வேலைக்குக் கூடுதல் ஆம்பியர் ஓடுகிறது, ஷார்ட் ஆனால் ஒயர் தாராளமாகத் தீப்பிடிக்கும்.

அந்த சுவிட்சுக்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப்பட்டது. இந்த ஜீப்பின் ஸ்டார்ட்டர் காலால் மிதிக்கும் பொத்தான். இக்னிஷன் அணைந்திருந்தாலும் மிதித்தால் மோட்டார் சுற்றும். வண்டி கியரில் நின்று, படம் எடுக்க ஏறிய குழந்தை அதை மிதித்துவிட்டால் வண்டி முன்னால் குதிக்கும். முன்னால் நிற்பது படம் எடுக்கும் அப்பாவாகத்தான் இருக்கும். இறங்கியதும் கியரை நியூட்ரலில் விட்டுக் கட்டை வைப்பதோடு, பேட்டரியையும் துண்டித்துவிட்டால் அந்தப் பயமே இல்லை.

விளக்கக் கூட்டத்தில் பேச்செல்லாம் வேடிக்கை பார்க்க வரும் ஜனங்களைப் பற்றித்தான். பார்வையாளர் நடமாடும் இடத்தில் நடை வேகம், முன்னால் நடந்தபடி வழிகாட்டும் ஒரு மார்ஷல். அவர் கண்ணில் படவில்லையா, நிறுத்திவிட வேண்டும். போ, திரும்பு என்று சைகை காட்டுவது அவர் ஒருவர் மட்டும். ‘நில்’ என்று யார் கை காட்டினாலும் நிற்க வேண்டும். பயணிகள் இருக்கையில் மட்டும், கால் வெளியே தொங்கக் கூடாது. பின்பக்க விளிம்பில் உட்கார்ந்து கையசைப்பது புகைப்படத்துக்கு அழகுதான், கிளட்சைக் கொஞ்சம் வெடுக்கென்று விட்டால் ஆள் தரையில்.

டாங்கிக்காரர்களுக்குத் தனி வகுப்பே நடந்தது. ஷெர்மன் போன்ற 30 டன் வண்டியில் ஓட்டுநருக்கு மூக்கடியில் நிற்கும் ஆள் தெரியமாட்டார். மேலே நிற்கும் கமாண்டர்தான் அவருக்குக் கண், இன்டர்காம் செத்தால் வண்டி நிற்க வேண்டும். திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கம் வீசும் என்பதால் பக்கவாட்டிலும் இடம் விடச் சொன்னார்கள்.

பஞ்சர் பற்றியும் ஒரு எச்சரிக்கை. இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்த ரிம்மில், காற்றை முழுக்க இறக்காமல் அந்த நட்டுகளைத் தொடக் கூடாது. உள்ளிருக்கும் அழுத்தம் ரிம்மை முகத்தில் அடிக்கும். அவற்றுக்குச் சிவப்புச் சாயம் பூசி வைத்தால் சக்கரத்தைக் கழற்றும் நட்டோடு குழப்பம் வராது.

சீட்டு கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. பின்னால் மாட்டியிருந்த ஜெர்ரி கேன், அதாவது உபரி பெட்ரோல் வைக்கும் தகர கேன், காலிதான் என்றேன். காலி கேனில்தான் பெட்ரோல் ஆவி இருக்கும், கழற்றுங்கள் என்றார் பரிசோதகர். தோற்றத்துக்கு வேண்டுமென்றால் இதுவரை பெட்ரோலே படாத கேனில் தண்ணீர் ஊற்றி மாட்டிக்கொள்ளலாமாம்.